அவர் கைக்கு ஆறு பாகம்

அந்தப் புகைப்படத்தில் அவர் இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் முன்னால், சுவருக்கும் தூண்களுக்கும் நடுவே ஓடும் கூரையிட்ட அஞ்சடிப் பாதை. வலது கையின் நடுவிரல் நுனி சுவரைத் தொடுகிறது, இடது கையின் நடுவிரல் நுனி தூணைத் தொடுகிறது. தலை கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது. படமெடுத்தவள் நான்தான். அப்போது சிரித்துக்கொண்டிருந்தேன், கை ஆடிவிட்டது. பல ஆண்டுகளாக அந்தப் படம் ஒரு கோப்புக்குள் மடங்கிக் கிடந்தது. இப்போது ஆங் மோ கியோவில் என் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில், ஒரு பல்மருத்துவர் விளம்பரத்துக்காகக் கொடுத்த காந்தத்தின் கீழ் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் என் பேரப்பிள்ளைகளின் படங்களை விட்டுவிட்டு, யார் இந்த மனிதர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

கடலுக்குள் முக்குளிப்பது அவர் தொழில், எல்லோரும் அவரை டைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். இராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். இளவயதில் ஊரில் சங்கு குளித்தவர், பிறகு பயிற்சி எடுத்துக்கொண்டு இங்கே கப்பல்களின் அடிப்பாகத்தையும் படகுத்துறைத் தூண்களையும் பார்க்கும் வேலைக்கு வந்தார். நான் கடல்சார் ஆய்வாளர். தண்ணீருக்குள் அவர் பார்ப்பதை மேலே படகில் உட்கார்ந்து அறிக்கையாக எழுதிக் கையெழுத்துப் போடுவது என் தொழில். பார்ப்பது என்று சும்மா சொல்கிறேன். நம் வடக்குக் கரைத் தண்ணீரில் முகத்துக்கு நேரே நீட்டிய சொந்தக் கையே தெரியாது. டைவருக்குக் கண் இரண்டும் விரல்களில்தான் இருந்தன. மேலே ஏறி முகக்கவசத்தைக் கழற்றி, மூச்சு வாங்கிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒவ்வொன்றைச் சொல்லி முடித்ததும் "எழுதிக்குங்க மேடம்" என்பார். எனக்கு எழுதத் தெரியாதா என்று மனதுக்குள் எரிச்சலாக இருக்கும். வெளியில் சிரித்துக்கொள்வேன்.

பொங்கோல் பக்கம் கரையோர வேலைக்காகக் கடலடியைச் சோதிக்கச் சொல்லியிருந்தார்கள். அப்போது அங்கே இன்றைக்கு இருக்கும் அடுக்குமாடிகளில் பாதிகூட எழும்பவில்லை. கருவி ஓரிடத்தில் பெரிய இரும்புத் துண்டு ஒன்றைக் காட்டியது. டைவர் அளவு நாடாவோடு இறங்கினார். நாடா எதிலோ மாட்டி அறுந்துபோனது. நீரோட்டம் திரும்பிக்கொண்டிருந்தது, அடியில் இருக்க அனுமதித்த நேரமும் முடியும் தறுவாயில் இருந்தது. மேலே வந்தவர் சொன்னது எனக்கு இன்னும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"உருளை மாதிரி இருக்கு மேடம். ரெண்டு முனையும் கூம்பிப் போகுது. நீளம் என் கைக்கு ஆறு பாகம், ஒரு முடி அளவுகூட கூடல குறையல. எழுதிக்குங்க. மேல ஒரு வட்ட மூடி, திறந்து மல்லாந்து கிடக்கு. அந்த மூடிக்கு உள்பக்கம் பிடி இருக்கு. வெளிப்பக்கம் ஒண்ணுமே இல்ல."

"பழைய பாய்லர் லா," என்றேன். அந்தக் காலத்து நீளக் கொதிகலன்கள் முட்டை முனையோடு இருக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன்.

"பாய்லர் மூடிய எதுக்கு மேடம் உள்ள இருந்து திறக்கணும்? உள்ள ஆள் இருந்திருக்கான்."

"பாய்லருக்குள்ள உக்காந்து யாராச்சும் கோப்பி குடிச்சாங்களா?"

படகில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டேனா? இல்லை. கொதிகலன் மூடியை உள்ளிருந்துதான் பொருத்துவார்கள், நீராவி அழுத்தம் மூடியை வெளிப்பக்கமாகத் தள்ளி இறுக்கிக்கொள்ளும், அதைத் தூக்கி வைக்க உள்பக்கம் ஒரு காது இருக்கும் என்று ஐந்து நிமிடம் வகுப்பெடுத்தேன். அவர் ரப்பர் உடையை இடுப்புவரை உரித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார். "பிடி வேற, காது வேற மேடம்" என்று மட்டும் சொன்னார். நான் எழுதினேன்: கைவிடப்பட்ட கொதிகலன், நீளம் முப்பத்தாறு அடி, வரலாற்று மதிப்பு இல்லை. பாகம் என்றால் ஆறு அடி. இது எனக்குத் தெரிந்திருந்தது என்பதில் எனக்கு ரகசியமாகப் பெருமைகூட இருந்தது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த எத்தனை பேருக்கு மீனவர்களின் அளவு தெரியும்!

கரையோர வேலை அந்த முறை வேறு பக்கம் போய்விட்டது. இரும்பு சேற்றிலேயே கிடந்தது. வேலை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழு வழக்கம்போல லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூடியது. சாப்பிட்டுவிட்டு அஞ்சடிப் பாதையில் வெற்றிலை மென்றுகொண்டு நின்றபோது ஒருவன் டைவரைச் சீண்டினான். கடலையே கையால் அளக்கிறவர் இந்த நடைபாதையை அளக்க மாட்டாரா என்றான். அவர் உடனே கைகளை விரித்து நின்றார். இரண்டு விரல் நுனிகளும் ஒரே நேரத்தில் சுவரையும் தூணையும் தொட்டதில் அவருக்கே ஆச்சரியம்.

"பாருங்க, சரியா ஒரு பாகம். எழுதிக்குங்க மேடம்!"

நான் எழுதவில்லை. படமெடுத்தேன். அடுத்த ஆண்டு அவருடைய ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனார். அவரை வேலைக்கு வைத்திருந்த சிறிய நிறுவனமும் மூடப்பட்டது. என்னிடம் இருந்த எண்ணில் கூப்பிட்டால் யாரோ ஒரு பெண்மணி எடுத்து, தவறான எண் என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிடுவார். நானும் மறந்தேன். உண்மையைச் சொல்வதென்றால், மறப்பதற்கு எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நூலகத்தில் பழைய நாளிதழ்களின் நுண்படச் சுருள்களைப் பார்த்துக் கப்பல் செய்திகளைக் குறித்துக்கொடுக்கும் தொண்டூழிய வேலைக்குப் போனேன். எந்தக் கப்பல் வந்தது, எது போனது, எதில் அரிசி நனைந்தது என்று பக்கம் பக்கமாக ஓடும். அப்படி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில், கடலடியில் முத்துச்சிப்பி எடுப்பதற்காக ஒருவர் செய்த விநோதமான இரும்புப் படகைப் பற்றி ஒரு சின்னச் செய்தி கண்ணில் பட்டது. மூன்று பேர் உள்ளே உட்கார்ந்து ஒரு தண்டைக் கையால் சுழற்றினால் அது தண்ணீருக்குள் போகுமாம். பொங்கோலுக்கு எதிரே வெள்ளோட்டம் பார்த்திருக்கிறார்கள். இரண்டு முறை இறங்கி ஏறியது. மூன்றாம் முறை இறங்கியது ஏறவில்லை. உள்ளே இருந்த மூவரும் மேல்மூடியை உள்ளிருந்து திறந்துகொண்டு, உயிர் பிழைத்து மேலே வந்துவிட்டார்கள். படகு போனது போனதுதான். நீளம் முப்பத்தொன்றரை அடி என்று செய்தி முடிந்திருந்தது.

நான் சுருளை ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்கிற அளவுக்கு ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன். உள்ள ஆள் இருந்திருக்கான். ஈரத் தலையோடு அவர் அதைச் சொன்ன குரல் அப்படியே காதில் கேட்டது. நீர்மூழ்கி என்றாலே போர்க்கப்பல் என்று ஆவதற்கு எவ்வளவோ முன்னால், யாரோ ஒருவர் சிப்பி பொறுக்க ஒரு நீர்மூழ்கி செய்து நம் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதை ஒரு மனிதர் தன் கைகளால் தடவிப் பார்த்து, ஏறக்குறைய அதன் பெயரைச் சொல்லிவிட்டார். நான் அதைக் கொதிகலன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதன்பின் எட்டு மாதம் நான் வேறு எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. இன்னும் மூன்று செய்திகள் கிடைத்தன. படகைச் செய்தவர் கடனாளியாகவோ கோபக்காரராகவோ இங்கிருந்து கிளம்பிப் போனதாக ஒரு வரி, கரையிலிருந்து எந்தத் திசையில் மூழ்கியது என்று ஒரு வரி, கடைசியாக ஒரு கோட்டோவியம். ஓவியத்தில் இரண்டு முனையும் கூம்பியிருந்தன. மேலே வட்ட மூடி. படகின் நீளம் அதிலும் முப்பத்தொன்றரை அடிதான். என் பழைய அறிக்கையின் நகலைப் பரணிலிருந்து இறக்கி வைத்துப் பார்த்தேன். முப்பத்தாறு. மறுபடி பார்த்தேன். பார்க்கப் பார்க்க மாறுமா என்ன?

இதற்குள் பொங்கோல் கரை வேலை திரும்பவும் தொடங்கவிருந்தது. இந்த முறை கடலைத் தூர்க்க, சரியாக அந்த இடத்தின் மேலேயே மணல் கொட்டப்போகிறார்கள். நான் பொறுப்பில் இருந்த அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். என் மகள் வயதுள்ள சீனப் பெண். நான் கொண்டுபோன ஓவியத்தையும் செய்திகளையும் ஆர்வத்தோடு புரட்டினார். அப்புறம் தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். அது என் அறிக்கை.

"ஆன்ட்டி, இந்தக் கையெழுத்து உங்களுடையதுதானே?" என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார். நாலரை அடி வித்தியாசம் என்பது சின்ன விஷயமில்லை, அனுபவமுள்ள ஆய்வாளர் அப்படித் தவறு செய்யமாட்டார், அதனால் இது வேறு பொருள்தான் என்றார். என் தொழில்திறமை மேல் அவர் வைத்திருந்த அந்த மரியாதைதான் எனக்கு எதிராக நின்றது. சேறு இப்போது ஆளுயரத்துக்கு ஏறிவிட்டது, இன்னொரு டைவரை இறக்கித் தடவிப் பார்க்கவும் முடியாது. தோண்ட வேண்டும், தோண்டச் செலவாகும், செலவுக்குக் காரணம் வேண்டும். சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் மணல் கொட்டத் தொடங்குவார்கள். அதற்குள் ஏதாவது கிடைத்தால் கொண்டு வாருங்கள் என்றார். இரண்டு மாதம்கூட இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து எல்லாக் காகிதங்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். பழைய அறிக்கை இருந்த கோப்பின் கடைசி உறையிலிருந்து இந்தப் படம் விழுந்தது. அதை எடுத்துக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சின்ன மனிதர், என்று தோன்றியது. பக்கத்தில் நின்று சீண்டிக்கொண்டிருந்தவனின் தோளுக்குத்தான் வருகிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாகம் என்பது ஒருவர் இரு கைகளையும் விரித்தால் வருகிற நீளம். ஆறு அடி பாகம் இருக்க ஏறக்குறைய ஆறு அடி ஆள் வேண்டும். அவர் ஆறு பாகம் என்று சொல்லவில்லை. என் கைக்கு ஆறு பாகம் என்றார். அந்த இரண்டு வார்த்தையை நான் தேவையில்லை என்று விட்டுவிட்டு, புத்தகத்திலிருந்த பாகத்தை எடுத்துப் போட்டுப் பெருக்கியிருக்கிறேன். அவர் அளந்தது சரி. என் படிப்புதான் அதை நாலரை அடி நீட்டியது.

மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்துக்கு லிட்டில் இந்தியாவில் இருந்தேன். கையில் எஃகு அளவு நாடா, கழுத்தில் மூக்குக்கண்ணாடி, பையில் படம். அந்தக் கடைவீடு அப்படியே இருந்தது. முன்பு பாத்திரக்கடை, இப்போது மளிகைக்கடை. அஞ்சடிப் பாதை முழுக்க வெங்காய மூட்டையும் தேங்காய்க் கூடையும். நான் குனிந்து தூணின் அடியில் நாடாவை வைத்ததும் உள்ளேயிருந்து கடைக்காரர் ஓடிவந்தார்.

"அக்கா, அக்கா! அஞ்சு நிமிஷம் லா, இப்பவே எடுத்துடறேன்! போன வாரம்தான் ஒருத்தர் வந்து ஃபைன் போட்டுட்டுப் போனாரு!"

நான் ஃபைன் போடுகிற ஆள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பாதை காலியானால் அளப்பது எளிது. "சீக்கிரம் எடுங்க," என்றேன். இரண்டு நிமிடத்தில் வெங்காயம் முழுவதும் உள்ளே போய்விட்டது. அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் கோபம், பிறகு நம்பிக்கையின்மை, பிறகு படத்தைப் பார்த்ததும் எங்கிருந்தோ ஓர் உற்சாகம். நாடாவின் ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார்.

"சுவரு பழைய சுவருதானா? பூச்சு கீச்சு ஏத்தியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"கன்சர்வேஷன் பில்டிங் அக்கா. ஒரு ஆணி அடிக்கவே விட மாட்டாங்க. தூணத் தொட்டா அவ்வளவுதான்."

படத்தில் டைவருடைய விரல் பட்ட, பூப்போட்ட பீங்கான் ஓட்டின் மூலையைச் சுவரில் தேடிக் கண்டுபிடித்தோம். பேர்தான் அஞ்சடிப் பாதை, இந்த ஊரில் எதுவும் சரியாக அஞ்சடி கிடையாது. நாடாவை இழுத்துப் படித்தேன். ஐந்தடி மூன்று அங்குலம். ஆறால் பெருக்கினேன். முப்பதடி, அதோடு பதினெட்டு அங்குலம். முப்பத்தொன்றரை. காகிதமே வேண்டியிருக்கவில்லை.

"என்னக்கா அழுறீங்க? அளவு தப்பா வந்துச்சா?"

"சரியா வந்துடுச்சு," என்றேன். அவர் பாவம், உள்ளே போய் எனக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் அழுதது படகு கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் என்று அவரிடம் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. இத்தனை வருடமாக டைவருடைய உழைப்பின் மேல் என் தவறை எழுதி வைத்திருந்தேன், அது எனக்கு அவமானமாக இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் பணிவாழ்க்கையில் நான் எழுதிய கடைசி அறிக்கை அது, மிகச் சிறந்ததும் அதுதான் என்று கூச்சமில்லாமல் சொல்வேன். முந்தைய அறிக்கையில் பிழை இருக்கிறது, பிழை முழுவதும் என்னுடையது, அளந்தவருடையது அல்ல என்று தொடங்கினேன். படத்தையும் நாடாவின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் மேலிடத்துக்கு அனுப்பினார். இரண்டு நாள் தோண்ட அனுமதி கிடைத்தது. முதல் நாள் சேறு. இரண்டாம் நாள் பிற்பகல், தோண்டிய குழிக்குள் இறங்கிய டைவர்கள் கூம்பிய ஒரு முனையைத் தொட்டார்கள். மறு முனைவரை நாடா பிடித்தபோது மேலே எங்கள் படகில் எல்லோரும் விளிம்பில் குனிந்து நின்றார்கள். நான் மட்டும் என்ன எண் வரும் என்று தெரிந்து உட்கார்ந்திருந்தேன்.

மளிகைக்கடைக்காரர் அந்தப் படத்தைத் தன் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தார். கப்பல் பட்டறைகளில் வேலை செய்யும் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். அது ஊர் ஊராகப் போய், நாலு மாதம் கழித்து ஓர் எண்ணோடு திரும்பி வந்தது. டைவர் இப்போது தூத்துக்குடியில் துறைமுக வேலையில் இருக்கிறார்.

போன வாரம் அதிகாரி என்னை, சேற்றிலிருந்து தூக்கிய படகு இருக்கும் கொட்டகைக்கு வரச் சொன்னார். இரும்பில் ஊறிய உப்பு இறங்குவதற்காக அதை ஒரு நீளத் தொட்டியில் மூழ்க வைத்திருக்கிறார்கள். தண்ணீர் துருவேறிச் செம்பழுப்பாக, உள்ளே எதுவும் தெரியாதபடி இருந்தது. நான் தூத்துக்குடிக்குக் காணொளி அழைப்புப் போட்டேன். டைவருக்குத் தாடி நரைத்திருந்தது. மற்றபடி அதே முகம், அதே ஈரத் தலை.

"மேடம், நீங்க கிழவி ஆயிட்டீங்க," என்றார் எடுத்த எடுப்பில்.

"நீங்க மட்டும் குமரனா? இருங்க, படகைக் காட்டறேன்."

தொட்டியைக் காட்டினேன். அழுக்குத் தண்ணீரைத் தவிர அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. "அத விடுங்க. மூடிய பாருங்க. உள்பக்கம் பிடி இருக்கா?" என்றார். அதிகாரி எனக்கு ஒரு நீளக் கையுறை கொடுத்து, மூடி இருக்கும் இடத்தைக் காட்டினார். நான் தோள்வரை கையை விட்டேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விளிம்பைத் தடவினேன், வளைவைத் தடவினேன், மூடியின் உள்பக்கத்துக்கு விரல்களைக் கொண்டுபோனேன். அங்கே இருந்தது. என் உள்ளங்கை சரியாக அடங்குகிற ஒரு பிடி. மூன்று பேர் உயிரோடு வெளியே வரப் பிடித்துத் திருப்பிய பிடி. நான் அதைக் காது என்று சொல்லி வகுப்பெடுத்திருக்கிறேன்.

"இருக்கு," என்றேன். "பிடிதான். காது இல்ல. நான் தப்பா எழுதிட்டேன் டைவர். நீளத்தையும் தப்பா எழுதினேன். மன்னிச்சுக்குங்க."

அவர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டார். "அத்தன பேர் முன்னாடி சிரிச்சீங்க மேடம். ராத்திரியெல்லாம் நானே யோசிச்சேன், நம்ம கைதான் பொய் சொல்லுதோன்னு," என்றார். பிறகு, "சரி, விடுங்க. இப்ப ஒழுங்கா எழுதிக்குங்க," என்று சிரித்தார்.

எழுதிக்கொண்டேன். படகைப் பொதுமக்கள் பார்க்கத் திறக்கும்போது தொட்டியின் பக்கத்தில் ஒரு பலகை இருக்கும். அதன் வாசகம் முடிவாகிவிட்டது. நீளம் ஒன்பது புள்ளி ஆறு மீட்டர் என்பதற்குக் கீழே, அளந்தவர் கைக்கு ஆறு பாகம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே அவருடைய முழுப்பெயர், ஊரோடு. இங்கே நான் அதை எழுதப்போவதில்லை. தெரிய வேண்டுமென்றால் நீங்கள் நேரில் வந்து படிக்க வேண்டும். என் பெயர் பலகையில் இல்லை. அதிகாரி சேர்க்கிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன்.

படம் இன்னும் குளிர்பதனப் பெட்டியின் கதவில்தான் இருக்கிறது. இத்தனை நாள் அவர் வழியை மறித்து நிற்பதாகத்தான் எனக்குத் தெரிந்தது. காலையில் பால் எடுக்கப் போகும்போது இப்போது விரல் நுனிகளைத்தான் பார்க்கிறேன். ஒன்று சுவரில், ஒன்று தூணில். ஒரு முடி அளவுகூடக் கூடவில்லை, குறையவில்லை.